அண்டாவில் வெட்டியிருக்கும் பேர் யாருடையது?

வைகாசி விசாகம் வந்துவிட்டால் எங்கள் திருச்செங்கோட்டில் வீட்டுக்கு வீடு ஒறம்பரைதான். அர்த்தநாரீஸ்வரர் மலையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்துவிடுவார். தேர் நிலை சேருகிற வரைக்கும் எந்த வீட்டிலும் அடுப்பு அணையாது. போர்வெல் ரிக் வண்டியோடு மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று போய் மாசக் கணக்கில் கிடக்கிற ஆண்பிள்ளைகள் முடிந்தமட்டும் தேருக்கு வந்து சேருவார்கள். கட்டிக் கொடுத்த பெண்களும் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குவார்கள். வெள்ளையடிப்பது, ஒட்டடை அடிப்பது, அட்டாலியில் கிடப்பதை இறக்கிக் கழுவுவது எல்லாமே அந்த ஒரு வாரத்துக்குள் நடந்தாக வேண்டும். அப்படி அட்டாலியிலிருந்து இறங்குகிற பித்தளைச் சாமானைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அந்தச் சாமானுக்கு இப்போது இரண்டு தரப்பு காத்திருக்கிறது. ஒன்று, மொபெட்டில் தராசோடு வருகிற பழைய பாத்திர வியாபாரி. இன்னொன்று, புது வீடு கட்டி ஹாலை அலங்காரம் பண்ண நினைக்கிற நம்ம வீட்டு இளசுகள். வியாபாரி எடை போட்டு எடுத்துப் போகிறார். இளசுகள் 'ஆன்டிக்' என்று சொல்லி எடுத்துப் போகிறார்கள். அந்தச் சாமானைப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பொம்பளையிடம் இரண்டு தரப்பும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. என் ஆத்திரமெல்லாம் அதில்தான்.

இந்த வருஷத் தேருக்கு எங்கள் வீட்டில் 22 பேர். பாய் பத்தாமல் பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டோம். பழைய தொட்டிக்கட்டு வீடு என்பதால் படுக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. தேருக்கு இரண்டு நாள் முன்னால் ஆசாரத்தில் சாக்கை விரித்து எல்லாவற்றையும் இறக்கி வைத்தோம். இரண்டு அண்டா, ஒரு தவலை, ஐந்து குடம், ஒரு ஜோடி குத்துவிளக்கு, மூடி தொலைந்த தூக்குப்போசி ஒன்று.

என் கொழுந்தனார் பெரிய அண்டாவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இது சும்மா எடத்த அடைச்சுட்டுத்தான கெடக்குது? போட்டுட்டா ஒரு நல்ல கிரைண்டர் வாங்கிப்போடலாம்" என்றார். பெங்களூரில் வேலை பார்க்கிற மூத்த மச்சாண்டார் மகள், "ஐயோ சித்தப்பா, போட்டுராதீங்க! அடியில ஒரு ஓட்டை போட்டுக் கவுத்து லைட் மாட்டுனா எங்க ஹாலுக்கு சூப்பரா இருக்கும்" என்றாள். இரண்டு பேரும் அரைமணி நேரம் வாதாடினார்கள். தூணோரம் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் வாயே திறக்கவில்லை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, அண்டாவின் கழுத்தில் விரலை வைத்துத் தேய்த்தார். "இது எங்கம்மா வெட்டிக் குடுத்த பேரு கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பேர் வெட்டுகிற சங்கதி சின்னப் பெண்களுக்குத் தெரிந்திருக்காது. சீர்ப் பாத்திரம் வாங்கினதும் அங்கேயே உளியை வைத்துப் புள்ளி புள்ளியாகக் கொத்தி எழுத்து வெட்டித் தருவார்கள். விசேஷ வீட்டில் பாத்திரம் மாறிப் போகாமல் இருக்க என்று சொல்வார்கள். எங்கள் அண்டாவில் 1975 என்று வருஷமும் இருக்கிறது. என் மாமியாரின் பேருக்கு முன்னால் இருக்கிற எழுத்து எது என்று பார்த்தால், அவருடைய அப்பா பேரின் முதல் எழுத்து. என் மாமனாருடையது கிடையாது. ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புத்தகம் எல்லாவற்றிலும் அவர் இன்னாரின் மனைவிதான். அந்த அண்டாவில் மட்டும் அவர் இன்னும் தன் அப்பா வீட்டுப் பெண்ணாக இருக்கிறார்!

இருந்ததைவிடப் போனதுதான் அதிகம். தறி போடுவதற்கு முன்பணம் வேண்டும் என்று இரண்டு குடமும் ஒரு சருவமும் அந்தக் காலத்தில் போனதாம். "போட்டது தப்புன்னு சொல்லலீங்க கண்ணு. தறி ஓடுனதாலதான் நாம சாப்பிட்டோம். நான் தண்ணிக்குப் போறப்ப குடத்தத் தேடுனேன், அப்பத்தான் சொன்னாங்க" என்றார் என் மாமியார். நாற்பது வருஷத்துக்கு முந்தின சங்கதி, அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியதை என் நாத்தனாரும் கவனித்தார்.

கஷ்டத்துக்கு விற்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். பித்தளையைக் கொடுத்து எவர்சில்வர் வாங்கியதையும் குறை சொல்ல மாட்டேன். 1980-களின் தொடக்கத்தில் நம்ம சேலம் உருக்காலையிலேயே எவர்சில்வர் தகடு வர ஆரம்பித்துவிட்டது. கனம் கம்மி, களிம்பு ஏறாது, சபீனா போட்டு இழுத்தால் போதும். தினம் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்துக் கை வெடித்த நம் அம்மாக்கள் சந்தோஷமாகத்தான் மாற்றினார்கள். 'பித்தளையில் தண்ணீர் வைத்தால் அப்படிக் குளிர்ச்சி, இப்படி ருசி' என்று இன்றைக்குப் பிரசங்கம் செய்கிற ஆண்கள் எத்தனை பேர் ஒரு குடத்தைத் தேய்த்திருக்கிறார்கள்? அவரவர் விருப்பத்தில் மாற்றியது வேறு, கேட்காமல் தூக்கிப் போனது வேறு. எனக்கு ஆகாதது இரண்டாவது.

போன வருஷம் பிள்ளையார்பட்டி போய்விட்டு வரும்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தோம். செட்டிநாட்டு வீடுகளை இடித்து வந்த பர்மா தேக்குக் கதவு, தூண், சுவீடன் நாட்டு எனாமல் பாத்திரம், பித்தளைச் சாமான் என்று கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருந்தார்கள். எங்களோடு வந்தவர்கள் விலை கேட்டார்கள். நான் பாத்திரத்தில் வெட்டியிருந்த பேர்களைப் படித்துக்கொண்டு போனேன். ஆச்சி ஒருத்தர் பேர், அதற்குப் பக்கத்தில் இன்னொருத்தர் பேர். செட்டிநாட்டில் பெண்ணுக்குத் தரும் சாமானை வருகிறவர்கள் பார்க்கப் பரப்பி வைத்து, கணக்கும் எழுதி வைப்பார்கள். அப்படி எழுதி வைத்த ஊரிலேயே கடைசியில் பேர்கள் கடை அலமாரிக்கு வந்துவிட்டன என்றால், எழுதாத ஊர்ப் பெண்களுக்கு என்ன மிஞ்சும்?

என் நாத்தனார் மகள் சட்டம் படிக்கிறாள். அண்டாச் சண்டை நடந்தபோது அவள்தான் இடையில் புகுந்து, "பாட்டியோட சாமானுக்கு நீங்க யாரு மாமா ஏலம் விடறதுக்கு?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அவள் விளக்கியதை நம் பெண்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணத்துக்கு முன்போ, கல்யாணத்தின்போதோ, பிறகோ ஒரு இந்துப் பெண்ணுக்கு வந்த பொருள் முழுக்க அவளுக்கே சொந்தம் என்று 1956-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறதாம். பிரதிபா ராணி வழக்கில் 1985-இல் சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெண்ணின் சீதனம் புருஷன் வீட்டில் இருப்பதாலேயே அது கூட்டுச் சொத்தாகிவிடாது. அவர்கள் அதைப் பாதுகாத்துத் தர வேண்டியவர்கள்தான், எடுத்து அனுபவித்துக்கொண்டு தரமாட்டேன் என்றால் நம்பிக்கை மோசடி வழக்கே போடலாம். ஒரு அண்டாவுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. இருந்தாலும் உரிமை இருக்கிறது என்று தெரிந்து விட்டுக் கொடுப்பதற்கும், தெரியாமல் வாய்மூடி இருப்பதற்கும் வித்தியாசம் இல்லையா?

இன்னொரு சட்டமும் சொன்னாள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் 'பாட்டி வீட்டு விளக்கு' என்று பெட்டியில் வைத்து எடுத்துப் போகிறார்கள் அல்லவா? நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, உலோக வேலைப்பாடு எல்லாம் 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள் கணக்கில் வரும். தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சந்தேகமாக இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் இல்லை என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவது நல்லது.

இனி அலங்காரத்துக்கு வருகிறேன். பழைய சாமானை ஹாலில் வைப்பது அழகுதான், எனக்கும் ஆசைதான். ஆனால் ஓட்டை போடுவது எனக்கு ஒப்பவில்லை. ஒரு தடவை ஓட்டை போட்டால் அது அப்புறம் அண்டா இல்லை. கடையில் கொடுத்து மிஷினில் பாலிஷ் போட்டால் வெட்டின எழுத்து தேய்ந்துபோகும். கடுமையான ஆசிட் பக்கமே போக வேண்டாம். புளியும் உப்பும் போட்டுத் துணியால் துடைத்து, நன்றாகக் கழுவி, ஈரமில்லாமல் வெயிலில் வைத்தாலே போதும். உருளியில் தண்ணீர் விட்டுப் பூ மிதக்க விடுகிறவர்கள் தினமும் தண்ணீரை மாற்றுங்கள், கொசுதான் முதலில் குடிவரும்! பித்தளையில் சமைக்க நினைக்கிறவர்கள் உள்ளே வெள்ளீயம் பூசாமல் புளிக்குழம்பு, மோர் எதையும் வைக்காதீர்கள். களிம்பு ஏறி வயிற்றைப் புரட்டும். ஈயம் பூசுகிறேன் என்று வருகிறவரிடம் வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் விஷம்.

என் வீட்டுக்காரர் ஒரு தடவை ரிக் வேலையாகப் புனே போனபோது, அங்கே கேல்கர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். தினகர் கேல்கர் என்ற ஒரு தனி மனிதர், இறந்துபோன தன் மகன் ராஜாவின் நினைவாகச் சேர்த்தது. விளக்கு, பாக்குவெட்டி, சமையல் பாத்திரம் என்று வீட்டில் புழங்கிய பொருள்களாகத் தேடிச் சேர்த்து, 1975-இல் மகாராஷ்டிர அரசுக்கே கொடுத்துவிட்டாராம். பஞ்சாபில் ஜண்டியாலா குரு என்ற ஊரில் பித்தளை, செம்புப் பாத்திரம் அடிக்கிற கைத்தொழிலை 2014-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. உலகமே மதிக்கிற பொருளை நாம் பழைய இரும்போடு சேர்த்து எடை போடுகிறோம் என்று என் வீட்டுக்காரருக்கு ஒரே வருத்தம். "சரிங்க, நாளைக்கு அந்தக் குடத்த நீங்க தேச்சு வைங்க" என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.

எங்கள் அண்டா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். என் நாத்தனார்தான், "அம்மாவையே கேட்டுப்போடலாமே" என்று சொல்லி மாமியாரை நடுவில் உட்கார வைத்தார். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. அண்டா இரண்டும் வீட்டிலேயே இருக்கட்டும், தேருக்கு வருகிற ஒறம்பரைக்குச் சுடுதண்ணி வைக்க ஆகும் என்றார். குடம் ஐந்தில் மகளுக்கு ஒன்று, மருமகள்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒன்று, பெங்களூர்ப் பேத்திக்கு ஒன்று. "ஓட்டை மட்டும் போடாத கண்ணு" என்று அவளிடம் சொல்லிக் கொடுத்தார். குத்துவிளக்கு சாமி அறைக்குப் போனது. தவலையை அவரே, "அது அடி தேஞ்சு ஒழுகுது, போட்டுருங்க" என்றார். நாங்கள் ஞாபகார்த்தம், அது இது என்று இழுத்தோம். "ஒழுகற பாத்திரத்துல என்ன ஞாபகம்?" என்று கேட்டுவிட்டார். வியாபாரி கிலோ 400 ரூபாய் போட்டு எடுத்துப் போனார். பணத்தை வாங்கி எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். அதில் என்ன வாங்கினார் என்று இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

அட்டாலி நிறையச் சாமான் எல்லார் வீட்டிலும் இருக்காது என்பது தெரியும். எங்கள் தெருவில் தறிக்குப் போகிற பெண்கள் சிலருக்குச் சீர் என்று வந்ததே ஒரு சொம்பும் இரண்டு அலுமினியப் போசியும்தான். அந்தச் சொம்புக்கும் அவளைத்தான் கேட்க வேண்டும். அன்றைக்கு ராத்திரியே என் மகளின் பழைய நோட்டு ஒன்றில் எந்தப் பாத்திரம் யாருடையது, எந்த வருஷம், யார் கொடுத்தது, இப்போது யாரிடம் போயிருக்கிறது என்று மாமியார் சொல்லச் சொல்ல எழுதி வைத்தோம். இரண்டு பக்கம் வந்தது. விற்றுப்போனதையும் எழுதச் சொன்னார், எழுதியிருக்கிறோம்.

வாசகிகளிடம் ஒரு உதவி. என் பங்குக்கு வந்த குடத்தோடு அந்தத் தூக்குப்போசியையும் என்னிடமே கொடுத்துவிட்டார். மூடி செய்து, ஈயம் பூசிப் புழங்கலாம் என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் தெருவில் துருத்தி வைத்து ஈயம் பூச ஆள் வருவார், இப்போது எங்கள் பக்கம் யாரையும் காணோம். நாமக்கல், சேலம், ஈரோடு பக்கம் நம்பிக்கையாக ஈயம் பூசித் தருகிறவர் யாராவது இருந்தால் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். அடுத்த தேருக்கு இன்னும் நாள் இருக்கிறது.

— ஒரு வாசகி, திருச்செங்கோடு.