அகலக்கால் வைக்கலாமா?

“அகலக்கால் வைக்காதே” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். வருமானத்தை மீறிய செலவிலும் தெரியாத முதலீட்டிலும் இறங்காதே என்பதே அதன் பொருள். இத்தயக்கம் தமிழரின் பிறவிக்குணம் என்று சிலர் கூறுவர். என் கருத்து வேறு. ஒரு சமூகம் வாழ்ந்த வாழ்க்கையே அதன் சேமிப்புப் பழக்கத்தை உருவாக்குகிறது.

1896ஆம் ஆண்டு மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் இரப்பர் பயிரிட்டார். பின்னர்ப் பெருகிய தோட்டங்களில் தமிழர்கள் பால்மரம் வெட்டினர். அவர்கள் குடியிருந்த வீடு தோட்ட நிர்வாகத்திற்கு உரியது. வேலை போனால் வீடும் போய்விடும். வங்கியோ பட்டணத்தில் இருந்தது. அந்நிலையில் தங்கத்தைவிட வசதியான சேமிப்பு வேறு எது? அதைக் கழுத்தில் அணியலாம்; அவசரத்திற்கு அடகு வைக்கலாம்; மகளுக்குச் சீராகவும் கொடுக்கலாம். ஆகவே, நம் பாட்டிமார் நகை வாங்கியதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அதே தோட்ட மக்கள் துணிந்து முதலீடு செய்ததும் உண்டு. 1950களில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்றனர். அவை துண்டாடப்பட்டதால் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழந்தனர். இந்நிலையை மாற்ற, 1960ஆம் ஆண்டு துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். அப்பணத்தைக் கொண்டு சங்கம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கியது.

தயங்கும் மக்கள் அன்று எப்படித் துணிந்தனர்? ஆபத்து கண்முன் இருந்தது. இரப்பர்த் தொழில் அவர்களுக்கு நன்கு தெரிந்தது. பணத்தைக் கேட்டவர் மீது நம்பிக்கையும் இருந்தது. தேவை, புரிதல், நம்பிக்கை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தன.

இன்று செங் வட்டாரத்து இளையோருக்கு அருகிலேயே தொழிற்பேட்டை இருக்கிறது. வங்கி கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ஆனால், புரிதல் வளராமல் நம்பிக்கை மட்டும் எஞ்சினால் ஆபத்துதான். பங்குச் சந்தை என்றால் அஞ்சுகிறவர்கூட, “மாமா சொன்னார்” என்ற ஒரே காரணத்திற்காக, சில மாதங்களில் பணத்தை இரட்டிப்பாக்கும் திட்டத்தில் சேர்ந்துவிடுகிறார். பணம் போவதோடு உறவும் முறிந்துவிடுகிறது. சேர்வதற்கு முன் பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலைப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே போதும். உறவினரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்னும் எண்ணத்தை நாம் விட வேண்டும்.

தங்கத்தை அடியோடு விடவேண்டும் என்று நான் கூறவில்லை. ஆனால், நகையை விற்கும்போது செய்கூலி திரும்பக் கிடைப்பதில்லை. தங்கத்தின் விலையும் ஏறி இறங்கும். ஊழியர் சேமநிதியோ ஆண்டுதோறும் இலாப ஈவு தருகிறது. எனவே, சேமிப்பைப் பல வழிகளில் பிரித்து வைப்பதே அறிவுடைமை.

பெரியவர்களின் எச்சரிக்கை இன்றும் பொருந்தும். அகலக்கால் வைக்க வேண்டா. ஆயினும், தரையைச் சோதித்துப் பார்த்தபின் ஓரடி முன்வைக்கத் தயங்கவும் வேண்டா. பத்து வெள்ளியில் தொடங்கியவர்கள் நமக்குக் காட்டிய வழி அதுவே.