லைன் பிரிண்டர் ஓட்டினவருக்கு ஏன்யா மெமோ?

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். பொறுத்துக்கோங்க.

நான் முன்னே வேலை பார்த்த ஒரு ஆபீஸ்ல நடந்த கதை (பேரெல்லாம் வேண்டாம்). சம்பள சிலிப் அடிக்கிற அன்னைக்கு ஒருத்தர் பேர் ஒரு கட்டத்துலயும், தொகை அடுத்தவர் கட்டத்துலயும் போய் விழுந்துடுச்சு. கட்டம் போட்டு வந்த தாள் வேற, ஒரு பெட்டி பாழ். மெமோ யாருக்கு? ராத்திரி ஷிப்ட் பார்த்த ஆபரேட்டர் அண்ணனுக்கு. குற்றம்: கவனக்குறைவு.

கவனக்குறைவா? கணக்கைப் பாருங்க. பர்ச்சேஸ் ஆட்கள் விலை குறைவுன்னு 12 அங்குலத் தாள் வாங்கிட்டாங்க. கம்ப்யூட்டர் ரூமுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெஷினில் பக்க நீளம் பழைய 11 அங்குலமாகவே இருந்தது. அங்குலத்துக்கு 6 வரி என்றால் 11-க்கு 66 வரி, 12-க்கு 72. ஃபார்ம் ஃபீட் வந்ததும் மெஷின் அடுத்த தாளின் தலைக்குப் போய்விட்டதாக நினைத்து ஓர் அங்குலம் முன்னாடியே நின்றுவிடும். பக்கத்துக்கு ஓர் அங்குலம் மேலே ஏறிக்கொண்டே போய், 12-வது தாளில் மறுபடி கச்சிதமாக உட்காரும். அந்த ஒரு தாளைத் தூக்கிக் காட்டி, "இது சரியாத்தானே வந்திருக்கு, அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்கு, ஆள்தான் சரியில்ல"ன்னாரு மேனேஜர். என்னத்தைச் சொல்ல!

செட்டிங்கை அண்ணன் மாற்றியிருக்கலாமே என்பீர்கள். பேனலைப் பூட்டி வைக்கச் சொன்னதே அதே மேனேஜர்தான். "யாரும் நோண்டக்கூடாது."

புரோகிராமர் தம்பி சொன்ன வைத்தியம் இன்னும் அழகு. ஃபார்ம் ஃபீடை எடுத்துட்டு, 72 வரி வர்ற வரைக்கும் காலி வரியா தள்ளினாராம். அடுத்த மாதம் 11 அங்குலத் தாள் வந்தால் மறுபடி பாழ், இந்த முறை எதிர்த்திசையில் :-)

இத்தனைக்கும் வேலை ரெண்டு நிமிஷம். ஆஃப்லைன் போட்டு, ரெண்டு பக்க டிராக்டர்லயும் ஓட்டை நேராக மாட்டி, பக்க நீளத்தை 12 ஆக்கி, கிழிக்கிற கோட்டை அச்சடிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து டாப் ஆஃப் ஃபார்ம் அமுக்கணும். மாற்றியதை சேமிக்கணும், இல்லாட்டி பல மெஷின்களில் கரண்ட் போனதும் பழைய கதைதான். பிறகு ஆன்லைன். நடுவுல குமிழைக் கையால திருகக்கூடாது. தாள் நகரும், ஆனா நகர்ந்தது மெஷினுக்குத் தெரியாது. கார்பன் தாள் போட்டால் தடிமன் நெம்புகோலையும் பார்க்கணும். இறுக்கினால் ரிப்பன் மை தாளெல்லாம் பூசும், தளர்த்தினால் கடைசி காப்பி தெரியாது. வரிக்கு வரி இடைவெளி விட்டு வந்தா ஆட்டோ லைன் ஃபீடை அணைச்சா போதும்.

இதை ஒரு தாளில் எழுதி மெஷின் மேல ஒட்டச் சொன்னேன். "பழைய டப்பாவுக்கு எதுக்கு சார், லேசர் வாங்கிடலாம்"ன்னாரு. மூணு கார்பன் காப்பி வேணும்னு கேக்குறதும் அவரேதான்! லேசர் தாளைக் குத்தாதய்யா, காப்பி எப்படி விழும்?

அடுத்த மாசம் பூட்டைத் திறந்து நானே 12-ன்னு மாத்தினேன். ஒரு தாள் வீணாகலை. அண்ணனோட மெமோ மட்டும் அவர் ரிட்டயர் ஆகும்வரை ஃபைல்லயே கிடந்தது.