எண்ணெய் உண்ணும் கிருமியும் எமது கிணறுகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கை ஆறும் மாரி காலத்தில் மாத்திரமே ஓடும். சுண்ணாம்புக் கற்பாறையினுள்ளே மழை சேர்த்து வைக்கும் நீரே எமக்குக் குடிநீர். அதுவே எமது தோட்டங்களுக்கும் உயிர்நீர். அந்நீரில் எண்ணெய் கலந்தால் என்ன நேரும் என்பதைச் சுன்னாகத்து மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அங்கு அனல் மின்நிலையம் ஒன்றின் கழிவெண்ணெய் அயற்கிணறுகளைக் கெடுத்த வழக்கிலே, அந்நிலையத்தை நடத்திய கம்பனி 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டுமென 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அழுக்காக்கியவனே அதன் செலவைச் சுமக்க வேண்டும் என்ற தத்துவம் அங்கே நிலைநாட்டப்பட்டது. நல்ல தீர்ப்பு. ஆயினும் தீர்ப்பு எழுதிய தாள் கிணற்று நீரைத் தெளிவிக்குமா?

"எண்ணெயைத் தின்னும் கிருமிகள் உண்டு, வாங்கி ஊற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று கூறுவோர் இருக்கின்றனர். இக்கூற்றில் பாதி உண்மை; மறுபாதி பேராபத்து.

உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். சில பற்றீரியாக்களும் பங்கசுகளும் இலிப்பேசு என்னும் நொதியத்தைச் சுரந்து, கொழுப்பைக் கிளிசரோலாகவும் கொழுப்பமிலங்களாகவும் பிரிக்கின்றன. பின்னர் அவற்றை உண்டு, காற்றுள்ள இடத்தில் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றிவிடுகின்றன. பெற்றோலிய எண்ணெயை உண்ணும் இனங்களும் உள. அத்தகைய பற்றீரியா ஒன்றை உருவாக்கியவர் வங்காளத்திற் பிறந்த விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. உயிருள்ள பொருளுக்கு ஆக்கவுரிமை வழங்கலாமா என்ற வழக்கிலே, 1980ஆம் ஆண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

ஆனால் 1989ஆம் ஆண்டு எக்சன் வால்டீஸ் என்னும் கப்பலின் எண்ணெய் அலாஸ்காக் கரையெங்கும் படிந்தபோது நிகழ்ந்ததென்ன? அங்கே கிருமிக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் உண்ணும் கிருமிகள் கரையிலேயே இருந்தன. நைதரசனும் பொசுபரசுமே அவற்றுக்குப் போதவில்லை. ஆகவே பயிருக்கு உரமிடுவதுபோலக் கரைக்கு உரமிட்டனர். எமது கமக்காரர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். விதை மாத்திரம் விளைச்சல் தராது. உரமும் காற்றும் காலமும் வேண்டும்.

எமது நிலத்தின் அடியிலே காற்று அரிது. அங்கே இறங்கிய எண்ணெயைக் கிருமி உண்டு தீர்க்க நெடுங்காலம் செல்லும். சமையற் கொழுப்பின் கதையும் அதுவே. குடாநாட்டில் பெரும்பாலான கழிவு நீர் குழிகளிலேயே இறங்குகிறது. கொழுப்பு பாதி சிதைந்து நின்றால், கொழுப்பமிலம் எமது நீரில் மிகுந்துள்ள கல்சியத்துடன் கூடிக் கடினமான சவர்க்காரமாக இறுகி, குழாயையும் குழியையும் அடைத்துவிடும். போத்தலில் வாங்கி ஊற்றுவது கொழுப்பை இளக்கி அப்பால் தள்ளுமேயானால், அது வேறிடத்தில் மீண்டும் உறையும்.

சட்டத்தரணி என்ற முறையில் நான் அஞ்சுவது வேறொன்று. நாளை நீரைக் கெடுத்த கம்பனி ஒன்று மன்றிலே எழுந்து, "இயற்கையின் கிருமிகளே இதனைச் சுத்தம் செய்துவிடும், எமக்கேன் பொறுப்பு?" என வாதிடக்கூடும். கிருமி எமக்கு வேலையாளாக இருக்கட்டும். குற்றவாளிக்குச் சாட்சியாக அதனை அழைக்க நாம் இடமளித்தலாகாது.

செய்ய வேண்டியது யாது? மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவற்றிடம் ஆண்டுதோறும் அனுமதிப் பத்திரம் பெறும் ஒவ்வோர் உணவகமும், எண்ணெய் ஆலையும், இறைச்சிக் கடையும் கொழுப்பைத் தடுக்கும் தொட்டி ஒன்றை அமைக்க வேண்டும் என நிபந்தனை விதிக்கப்படல் வேண்டும். தொட்டியில் நீர் ஆறும்போது கொழுப்பு மிதக்கும், அதனை வழித்தெடுக்கலாம். எஞ்சிய நீரைக் காற்றூட்டிய தொட்டியில் நிறுத்தினால், கிருமி தன் வேலையைச் செவ்வனே செய்யும். வழித்த கொழுப்பைச் சாணத்துடன் சிறிது சிறிதாகச் சேர்த்தால் அடுப்பெரிக்க வாயு கிடைக்கும். ஒரேயடியாகக் கொட்டினால் வாயு உண்டாக்கும் கிருமிகளே செயலிழந்துவிடும். பொரித்த எண்ணெயைக் குழியில் ஊற்றாது சேகரித்தல் வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. கொழும்பின் தயவை எதிர்பார்த்திருக்கவும் தேவையில்லை. எமது வாக்கினால் அமர்ந்த சபைகளே இதனைச் செய்யலாம். வாக்குக் கேட்டு வருவோரிடம், "உங்கள் சபையின் எல்லைக்குள் எத்தனை உணவகங்களிற் கொழுப்புத் தொட்டி உண்டு? கடைசியாக அவற்றைச் சோதித்தது எப்போது?" என்று கேளுங்கள். விடை கூற முடியாதவருக்கு எமது கிணறுகளைக் காக்கும் பொறுப்பை எவ்வாறு ஒப்படைப்பது?