உத்தியோகமும் நாட்குறிப்பும்

எழுத நேரமில்லை என்பது உத்தியோகம் பார்க்கும் நம்மவர் பலரின் நாவில் நிலைத்துவிட்ட வாக்கியம். ஓய்வூதியம் வரட்டும், சாய்மனைக் கதிரையில் அமர்ந்து ஆறுதலாக எழுதலாம் என்பர். இக்கருத்து எனக்கு உடன்பாடன்று. நாள்தோறும் எழுதுபவனுக்கு ஓய்வினும் அலுவலே உற்ற துணை.

புதுச்சேரி ஆனந்தரங்கம் பிள்ளையை நோக்குக. 1736 செப்டெம்பரில் தொடங்கிய நாட்குறிப்பை, 1747இல் தலைமைத் துபாசியான பின்னரும் அவர் கைவிட்டாரில்லை. கப்பல் வந்ததும், துரைமார் சினந்ததும், வாணிகமும், ஊர்ப்பேச்சும் அவர் ஏட்டில் ஏறின. துபாசி வேலை இல்லையேல் அவருக்கு நேரம் மிகுந்திருக்கும். எழுதப் பொருள் இருந்திருக்குமா? லெனாட் வூல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தார். வழக்குக் கேட்டு, மாட்டுக் கொள்ளைநோயோடு மல்லாடிய நாள்களிலும் நாட்குறிப்பு எழுதினார். அவருக்கு அது கடமை. பிள்ளைக்கோ எவரும் பணிக்காத வேலை. ஆதலால் என் மதிப்பில் பிள்ளையே ஒரு படி மேல்.

நம் தீவகத்திலும் சான்றுண்டு. கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகள், பல்கலைக்கழக விரிவுரைகளுக்கிடையே 1952 முதல் ‘தமிழ் கல்ச்சர்’ காலாண்டிதழின் ஆசிரியப் பொறுப்பையும் சுமந்தார். “அவர் துறவி, வீட்டுத் தொல்லை இல்லை” என்றார் ஒரு நண்பர். துபாசிக்கு மனைவி மக்கள் இருந்தனரே என்றேன். நண்பர் பேச்சை மாற்றிவிட்டார்.

1985 மே 15இல் குமுதினிப் படகில் நம் மக்கள் கொல்லப்பட்டதை ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றோம். அந்நாள் வரலாற்றில் எழுதப்பட்டுவிட்டது. அதற்கு முந்திய நாள் அத்துறையில் நின்றவர் யார், அவர் கையில் என்ன இருந்தது, எதைப் பேசிச் சிரித்தனர்? 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தார் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அதற்கு முன்னைய சாதாரண நாள்களை அறிய இன்று பெரும்பாலும் முதியோரின் நினைவையே நாடவேண்டியுள்ளது. கதிரையில் அமர்ந்து பின்னாளில் எழுதுபவருக்குப் பெருந்துயரம் நினைவிருக்கும். அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை இராது.

நெடுந்தீவில் கற்பிக்கும் எனக்கும் நேரம் அரிது. குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். சோளகம் வீசும் மாதங்களில் படகில் பேனா நில்லாது. இறங்குதுறையில் நின்றபடியே ஐந்து வரி எழுதுவேன். விடைத்தாள் திருத்தும் வாரத்தில் அது இரண்டு வரியாகும். வரி குறையலாம், நாள் குறையலாகாது என்பதே என் கட்சி. ஆயினும் பாடவேளையில் எழுதுதல் களவு. அதற்கு நான் உடன்படேன்.

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் தாமும் எழுதத் தொடங்கியதாகக் கூறிக் கொப்பிகளைக் காட்டினர். ஒருத்தி, தன் வீட்டுக் கிணற்று நீர் எந்நாளிலிருந்து உவர்க்கத் தொடங்கிற்று என்று திகதியிட்டுக் குறித்திருந்தாள்.