பார்த்தவர் சொல்லும் பாராதவர் மறுப்பும்

இங்கிலாந்தின் சிறைச் சட்டத்திலே ஒரு விந்தை உண்டு. ஆயுட்கைதியை விடுதலை செய்யலாமா என்பதைத் தீர்மானிப்பது பரோல் சபை. ஆனால், அதே கைதியை மூடிய சிறையிலிருந்து திறந்த சிறைக்கு மாற்றலாமா என்ற சிறிய விடயத்திலோ அச்சபை ஆலோசனை மட்டுமே கூறலாம். முடிவு நீதி மந்திரியுடையது. பெரிய கதவின் திறப்பு சபையிடம், சிறிய கதவின் திறப்பு மந்திரியிடம்!

இம்மாற்றம் வெறுஞ் சலுகையன்று. பல்லாண்டு அடைபட்டவன் வெளியே சென்று, குறித்த நேரத்திற் திரும்பி, தன்னை நிரூபிக்கும் இடம் அது. அவ்வாறு சோதிக்கப்படாதவனை விடுவிக்கச் சபை தயங்கும். ஆகவே மந்திரியின் மறுப்பு, விடுதலையையே வருடக்கணக்கிற் பின்தள்ளுகின்றது. 2012இல் ஒழிக்கப்பட்ட காலவரையற்ற தண்டனையின் கீழ் இன்னும் மறியலில் இருப்போரும் இதனால் வாடுவோரே.

2022 ஜூனில் அப்போதைய மந்திரி டொமினிக் ராப் விதியை இறுக்கினார். மாற்றம் இன்றியமையாதது என்றும், நீதிமுறையில் மக்கள் கொண்ட நம்பிக்கைக்கு அது குந்தகம் விளைக்காது என்றும் காட்டப்படவேண்டுமாம். மக்கள் நம்பிக்கையை எந்தத் தராசில் நிறுப்பது? அதன்பின் சபையின் சிபாரிசுகள் பல நிராகரிக்கப்பட்டன; கைதிகள் நீதிமன்றஞ் சென்றனர்.

எமது மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கும் எழுத்தாணைகளும் அதே ஆங்கில மரபில் வந்தவையாதலால், இவ்வழக்குகள் எமக்கு அந்நியமல்ல. சபை சாட்சிகளை நேரிற் கண்டு கேட்டு அறிந்த உண்மைகளை ஒதுக்குவதானால், மந்திரி மிக வலுவான காரணம் காட்டவேண்டும் என்று 2022இல் உயர் நீதிமன்றம் கூறிற்று. ஆபத்தையும் நன்மையையும் சீர்தூக்கும் விடயத்தில் அவருக்குக் கூடிய இடமுண்டு. அங்கும் காரணம் வேண்டும். காணிக் கச்சேரியில் மனுதாரரை நேரிற் கண்டு விசாரித்தவரின் தெரிவை, கொழும்பில் கோவை மட்டும் பார்த்தவர் தள்ளினால் எமது கமக்காரர் என்ன கேட்பார்களோ, அதையே அந்த நீதிபதியும் கேட்டார்.

மந்திரி பக்கத்திலும் நியாயமுண்டு. கைதி தப்பியோடினால் பாராளுமன்றத்தில் பதில் சொல்பவர் அவரே. பின்வந்த தீர்ப்புகள் யாவும் கைதிக்குச் சாதகமானவையுமல்ல. ஆனால் வென்ற கைதிக்குக் கிடைப்பது யாது? நீதிமன்றம் அவனைத் திறந்த சிறைக்கு அனுப்புவதில்லை. பழைய முடிவை இரத்துச் செய்து, மீண்டும் யோசிக்குமாறு அதே மந்திரியிடம் அனுப்புகின்றது. அவர் காரணத்தைச் செம்மையாக எழுதி மறுபடியும் மறுக்கலாம். காலம் கழிவது கைதிக்கே.

2023 ஜூலையில், அடுத்து வந்த மந்திரி அலெக்ஸ் சோக் அவ்விதியைத் தளர்த்தினார். இறுதிச் சொல் மட்டும் மந்திரியிடமே இருக்கின்றது.