தந்தைமைக்குக் குத்தகை உண்டோ?

“கட்டணம் கட்டிவிட்டோம், கடமை முடிந்தது” என்று நம் கெடார் வட்டாரத்துத் தந்தையர் பலர் அமைதி கொள்கிறோம். பள்ளிக்கும் தனிவகுப்புக்கும் பணம் செலுத்தலாம். தந்தைமையைக் குத்தகைக்கு விடலாமா?

1926இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பகுதியில், ஒய்.எம்.சி.ஏ. பணியாளர் ஹரோல்ட் கெல்ட்னர், ஜோ ஃப்ரைடே என்ற ஒஜிப்வே பழங்குடி நண்பரின் துணையோடு தந்தை-மகன் குழுக்களைத் தொடங்கினார். பழங்குடித் தந்தை மகனைத் தன்னோடு காட்டுக்கு அழைத்துச் சென்று வளர்த்தான். நகரத் தந்தையோ அதை மறந்தான். எனவே தந்தையரே ஊதியமின்றிக் குழுக்களை நடத்தினர். மகனோடு தாங்களும் கூடாரத்தில் தங்கினர். பழங்குடியினரின் இறகையும் பெயரையும் வேடமாகப் பூண்டது பிழை. வேடத்தை விடுவோம், சாரத்தைக் கொள்வோம்.

“கூலிக்குச் செல்பவனுக்கு நேரமேது?” என்பர். பலருக்கு அது உண்மையே. ஆயினும், தேர்தல் பேச்சுக்கும் திருவிழாக் குழுவுக்கும் கிடைக்கும் மாலைப்பொழுது, மகனுக்கு மட்டும் கிடைக்காதோ? செஞ்சியின் ராஜகிரி நமக்குத் தொலைவில் இல்லை. பத்துத் தந்தையர் பிள்ளைகளோடு ஒருநாள் ஏறினால் போதும், தொடக்கமாகும்.

காணாமற்போன பன்னிரண்டு வயது இயேசுவைத் தேட சூசையப்பர் ஆள் அனுப்பவில்லை. மரியாவோடு தாமே எருசலேமுக்குத் திரும்பி நடந்தார். நாம் எப்போது நடக்கப்போகிறோம்?