மகள் பெயர் எந்தப் பத்திரத்தில் இருக்கிறது?

குடும்ப வரலாறு தேடுகிறேன் என்று என்னிடம் வரும் பிள்ளைகள் கைப்பேசிச் செயலியில் ஒரு வம்சாவளியை வரைந்துகொண்டுதான் வருகிறார்கள். கொள்ளுத்தாத்தா வரை கட்டங்கள் நிரம்பியிருக்கும். கொள்ளுப்பாட்டியின் கட்டத்தில் ‘மனைவி’ என்பதோடு சரி. தாத்தாவின் தங்கைகளுக்குக் கட்டமே கிடையாது. பத்திர எழுத்தனாகவே காலம் தள்ளியவன் சொல்கிறேன்: செயலியை மூடிவிட்டு வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறங்கள்.

அதில் விடுதலைப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். அண்ணன் தம்பிகள் செய்துகொண்ட பழைய பாகப்பிரிவினையில் பெண்கள் பெரும்பாலும் வரமாட்டார்கள். 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் தகப்பனார் இறந்தால் அவருடைய சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் பங்கு என்றானது. உடனே சகோதரர்களுக்கு அவள் கையெழுத்து தேவைப்பட்டது. ஒரு புடவை, கொஞ்சம் ரொக்கம், ஒரு கைநாட்டு, வேலை முடிந்தது. பங்கை விட்டுக்கொடுக்கும் அந்த நாளில்தான் அவள் பெயர், வயது, புருஷன் பெயர், வாழ்க்கைப்பட்ட ஊர் எல்லாம் ஒழுங்காக எழுத்தில் ஏறின. கசப்புதான், ஆனாலும் தேடுபவருக்கு இதைவிட நல்ல துப்பு இல்லை. பின்பக்கத்தையும் படம் எடுங்கள். அடையாளம் காட்டிய சாட்சிகள் பல நேரம் தாய்மாமனாகவோ மச்சானாகவோ இருப்பார்கள். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் கிடைத்தால் இன்னும் நல்லது.

பத்திரம் தொலைந்துவிட்டதா? சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதலான வில்லங்க விவரத்தைப் பார்க்கலாம். எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களும் பத்திர எண்ணும் வரும். அந்த எண்ணைக் கொண்டு நகல் கேட்கலாம். 2025இல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக 2002, 2005 வாக்காளர் பட்டியல்களில் பெற்றோர் பெயரைத் துழாவினோமே, அந்தப் பக்கங்களையும் அழித்துவிடாதீர்கள். கூட்டுக்குடும்பம் முழுக்க ஒரே கதவு எண்ணில் நிற்கும்.

நிலமே இல்லாதவர்களுக்குப் பத்திரம் ஏது? கடல் கடந்த கிளை இருந்தால் ஒரு வழி உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளாகப் போனார்கள். கப்பல் பட்டியலில் ஆளுக்கொரு எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர். பெண்களுக்கும் அப்படியே. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இவற்றை இணையத்தில் ஏற்றியது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கணக்கு வேண்டும் என்பதற்காக எழுதிய ஏடு, சொந்த ஊர்ப் பத்திரங்களைவிடப் பெண்களை ஒழுங்காகக் குறித்து வைத்திருக்கிறது!

சேர்த்ததை அடுக்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ராமசாமி மகன் முருகேசன், முருகேசன் மகன் ராமசாமி என்று மாறி மாறி வரும். வெளிநாட்டுத் தளங்கள் கேட்கும் குடும்பப் பெயர் நம்மில் பலருக்குக் கிடையாது. இனிஷியலை அங்கே போட்டால் அப்பன் ஒரு குடும்பம், பிள்ளை ஒரு குடும்பம் ஆகிவிடும். அதனால் ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள். படக்கோப்புக்கு ஆண்டு, பத்திர வகை, ஊர் என்ற வரிசையில் பெயர் வையுங்கள்: ‘1962-விடுதலை-கீழத்தெரு’. பத்திரங்களில் வயது ‘சுமார்’ என்றுதான் இருக்கும். இரண்டு பத்திரம் இரண்டு வயது சொன்னால் இரண்டையும் எழுதி வையுங்கள்; நீங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அத்தைமார் சொன்னதற்கு, யார் சொன்னது, எப்போது சொன்னது என்ற குறிப்பும் வேண்டும்.

இன்றைக்கும் பத்திரம் எழுத வருகிறவர்கள் தகப்பனார் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். தாயார் பெயரையும் சேர்த்து எழுதக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. கேட்டால், “அது எதுக்குங்கய்யா, ஒரு வரி கூடுமே?” என்கிறார்கள். அந்த ஒரு வரிக்கு நான் கூலி வாங்குவதில்லை.